அரை பவுண்டு

மன்னார்புரம், திருச்சி
8-10-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

ராசப்பன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டிலும் குழந்தை ராசாத்தியும் சுகம். நீங்கள் டி.பி. சானடோரியத்தில் சேர்ந்து இருபது நாள் ஆகிறது. வந்த ஒரே கார்டில் 'சுகமாக இருக்கிறேன்' என்று மட்டும் இருக்கிறது. சுகமாக இருப்பவரை அங்கே எதற்கு வைத்திருக்கிறார்கள்? அடுத்த கடிதத்திலிருந்து எடை எத்தனை பவுண்டு, சாயங்காலக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எண்ணாக எழுதவும்.

நேற்று லீவு போட்டு, குடியுரிமை பதிவு செய்யும் ஆபீசுக்குப் போய் வந்தேன். வரிசையாகச் சொல்கிறேன். சோமாவதி இலங்கைப் பாஸ்போர்ட்டில் வந்தவர். இங்கே தங்க வருஷா வருஷம் வாங்கும் அனுமதி வருகிற மார்ச் 31-ல் முடிகிறது. மறுபடி கிடைப்பது சந்தேகம் என்கிறார்கள். இந்தியப் பிரஜையின் மனைவி என்று பதிவு செய்துகொண்டால் இந்தத் தொல்லை ஒரேயடியாகத் தீரும். விண்ணப்பத் தாள் வாங்கி வந்திருக்கிறேன். உடம்பு நன்றாக இருந்த மூன்று வருஷத்தில் நீங்களே இதைச் செய்திருக்கலாம்.

சிக்கல் உங்களால்தான். ரேஷன் கார்டிலும் ராசாத்தியின் பிறப்புப் பதிவிலும் தாயார் பெயர் பொன்னுத்தாய், ஊர் துறையூர். பாஸ்போர்ட்டில் சோமாவதி, ஊர் மாத்தளை. குமாஸ்தா இரண்டையும் பார்த்துவிட்டு, "இந்தக் காத்தமுத்துக்கு எத்தனை பெண்சாதிங்க?" என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நான் என்ன சொல்வது? நம் அம்மாவே சாகும்வரை மருமகளைத் துறையூர்ப் பெண் என்று நம்பிக்கொண்டிருந்தாள். புருஷன் நேரில் வந்து, இரண்டும் ஒருத்திதான் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். எப்போது வருகிறீர்கள்?

இன்னொன்று. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இல்லாமல் போனால் யாருடைய மனைவி என்று பதிவு செய்வது? குழந்தை இந்த ஊர்ப் பிரஜை. தாயார் அந்நியர். ஒருத்தர் இருக்கலாம், ஒருத்தர் போக வேண்டும். நடக்கக்கூடியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

தம்பி,
ராசப்பன்


சானடோரியம், 6-ம் வார்டு
19-10-61

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் காத்தமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. நீ கேட்ட எண்கள்: எடை 96 பவுண்டு, காய்ச்சல் 99.6. போதுமா?

பெயரை மாற்றியது தப்புத்தான். 58-ல் மாத்தளையில் தமிழர்களை அடித்த கலவரத்தில் எங்கள் கடைத் தெருவில் என்னைத் தேடி ஆள் வந்தபோது, சோமாதான் வாசலில் நின்று அவர்கள் பாஷையில் பேசித் திருப்பி அனுப்பினாள். அதற்காகவே அவள் அப்பா அவளை வீட்டுப்படி ஏற விடவில்லை. ஐந்து மாதக் கர்ப்பம் அப்போது. இங்கே வந்து ஸ்ரீரங்கத்தில் வீடு தேடினேன். அந்த வருஷத்தில் சிங்களத்தி என்றால் யார் வீடு கொடுத்திருப்பார்கள்? வாயில் வந்த பெயர் பொன்னுத்தாய். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

திரும்பிப் போக அவளுக்கு வீடு கிடையாதப்பா. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

ஒரு நாள் அங்கே போய்ச் சாப்பிடு. ஒரு தடவைகூட நீ கை நனைக்கவில்லை என்று அவளுக்குக் குறை.

உன் அண்ணன்


மன்னார்புரம்
12-11-61

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் எப்போதும்போல் இருக்கிறேன். உங்கள் எண்கள் கிடைத்தன. வாரா வாரம் எழுதவும்.

இங்கே மின்சார சப்-ஸ்டேஷனில் ஒரு தகராறு. ஆபரேட்டர் மூக்கன் மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரே மூச்சில் எழுதி வைத்துவிட்டான். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்கிறான். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? டிரான்ஸ்பார்மர் சூடு 51, 52, 53, 54 என்று படிக்கட்டு மாதிரி ஏறுமா? உள்ளதைப் பார்த்து எழுதினால் முன்னே பின்னேதான் இருக்கும். மெமோ கொடுத்துவிட்டேன்.

தீபாவளியன்று ஸ்ரீரங்கம் போய்ச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் விட்ட குழம்பு. நன்றாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டில் உங்கள் எடையைச் சொன்னேன். அரை பவுண்டு ஏறினால்கூட நல்லது என்று டாக்டர்கள் சொல்வார்கள் என்றேன்.

"அரை பவுண்டுன்னா எம்புட்டுங்க தம்பி?"

"ஒன்றரை ஆழாக்கு அரிசி இருக்கும்."

உடனே ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டார்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு அரை பவுண்டுக்கும் ஒன்றரை ஆழாக்கு போடப் போகிறார்களாம். "அப்பா எம்புட்டு வளந்திருக்காருன்னு பிள்ளைக்குக் காட்டணும்." எனக்கு இதெல்லாம் புரிவதில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் வர முடியுமா? பதில் தேதியோடு வேண்டும்.

ராசப்பன்


சானடோரியம்
24-11-61

அன்புத் தம்பிக்கு,

குளிரில் கம்பளிச் சட்டை இல்லாமல் சைக்கிளில் போகாதே. நான் தேறி வருகிறேன். நாலு வாரத்து எடை: 96½, 97, 97½, 98. காய்ச்சல் 99.4. சோமாவிடம் டப்பாவைப் பெரிதாக வாங்கச் சொல்.

டிசம்பரில் வேண்டாம் என்கிறார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் அற்புதசாமி என்று ஒருவர் இருக்கிறார். கோர்ட்டில் முப்பது வருஷம் நகல் எழுதியவர். "வர முடியாத ஆளுக்கு வழி வைக்காம எந்த சர்க்கார் தாளும் அச்சாகிறதில்லை. உங்க தம்பியை முழுக்கப் படிக்கச் சொல்லுங்க" என்கிறார். ஒரு தடவை பாரேன்.

உன் அண்ணன்


மன்னார்புரம்
3-12-61

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு தேறுவது அறிந்து சந்தோஷம். அதனால்தான் கோபமும் வருகிறது. வாரம் தவறாமல் எடை ஏறுகிறது, காய்ச்சல் இறங்குகிறது. பிறகு ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்து வர என்ன தடை? சத்தியம் செய்ய அஞ்சு நிமிஷம். அண்டைக் கட்டிலில் படுத்திருப்பவர் பேச்சை நான் எப்படி நம்புவது? இந்த ஆபீசில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா என் முகத்துக்கு நேரே சொன்னார், புருஷன் வர வேண்டும் என்று. அவருக்குத் தெரியாததா?

நீங்கள் எதையும் தள்ளிப்போட்டே பழகியவர். உங்களுக்காக நான் ஆபீஸ் ஆபீசாக அலைகிறேன். ஜனவரிக்குள் வாருங்கள்.

ராசப்பன்


சானடோரியம்
16-1-62

தம்பிக்கு,

பொங்கல் வாழ்த்து. பதில் தாமதம். படுத்துக்கொண்டு பென்சிலில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். வேறொன்றுமில்லை. எடை 98½, 99, 99½, 100. காய்ச்சல் 99.2.

ராசாத்திக்கு இப்போது என்னென்ன பேச வருகிறது என்று எழுது. எண்ணாக வேண்டாம்.

அண்ணன்


மன்னார்புரம்
11-2-62

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. பொறுத்துக்கொள்ளவும்.

வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டு வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்து, சோமாவதி யார் என்று விசாரித்திருக்கிறார். வீட்டுக்காரர் சின்னையா, "அப்படி யாரும் இங்க இல்லைங்க. இருக்கிறது பொன்னுத்தாய்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அண்ணி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வெளியே வந்து "நான்தாங்க சோமாவதி" என்று சொல்லிவிட்டார்கள். தெருவுக்கே தெரிந்துவிட்டது. சின்னையா அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

மறுநாள் மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே சப்-ஸ்டேஷன் கேட்டுக்கு வந்து நின்றார்கள். மூக்கன் தன் ஸ்டூலைக் கொடுத்தான். உட்காரவில்லை.

"தம்பி, என்னை அனுப்பிட்டாங்கன்னா பிள்ளையை நீங்க வச்சுக்குங்க. அவ இந்த ஊர்ப் பிள்ளைதானே. எங்கேயாச்சும் கைநாட்டு வைக்கணும்னா இப்பவே சொல்லுங்க, வச்சிடறேன். பொறவு எனக்கு மனசு வராது."

இதை அழாமல் சொன்னார்கள். ராசாத்தி மீட்டர் பெட்டியைக் காட்டி, "அது ஏன் சித்தப்பா முனகுது?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பேச வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். இதெல்லாம் வருகிறது.

அண்ணா, மார்ச் 5, திங்கட்கிழமை. பகல் பாசஞ்சர். நேரே ஜங்ஷனில் இறங்குங்கள். ஸ்ரீரங்கத்தில் இறங்கினால் ஆபீஸ் மூடிவிடும். டாக்சியோடு நிற்பேன். அண்ணியை முன்னாலேயே ஆபீசில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறேன். 100 பவுண்டு இருக்கிறீர்கள், வரலாம். வராவிட்டால் இதில் இனி நான் தலையிட மாட்டேன்.

ராசப்பன்


சானடோரியம்
22-2-62

அன்புத் தம்பிக்கு,

வருகிறேன். 5-ந் தேதி, பகல் வண்டி, ஜங்ஷன்.

எடை 101. காய்ச்சல் இல்லையென்றே வைத்துக்கொள்.

உன் அண்ணியிடம் சொல். குழந்தையை ரொம்பப் பக்கத்தில் விட வேண்டாம்.

அண்ணன்


சானடோரியம், 6-ம் வார்டு
3-3-62

திரு. ராசப்பன் அவர்களுக்கு,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. உங்களை நான் பார்த்ததில்லை. உங்கள் அண்ணனின் பக்கத்துக் கட்டில் அற்புதசாமி. அவரிடம் கொடுத்த வாக்கை மீறி இதை எழுதுகிறேன்.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையைப் பார்த்து எழுதுகிறேன். அக்டோபர்: 96, 94, 95. நவம்பர்: 91, 91½, 88. டிசம்பரிலும் ஜனவரியிலும் எடை பார்க்க எழுந்திருக்கவில்லை. பிப்ரவரி 84. சாயங்காலக் காய்ச்சல் 101, 100.4, 102. தை மாதத்திலிருந்து மூன்று தடவை வாயால் ரத்தம் வந்தது. டாக்டர் லீவு கொடுக்கவில்லை. தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். உடனே தந்தி கொடுத்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
அ. அற்புதசாமி


மன்னார்புரம்
25-3-62

ஐயா அவர்களுக்கு,

உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. உங்கள் கடிதம் 6-ந் தேதி காலை கிடைத்தது. அண்ணன் 5-ந் தேதி மத்தியானமே வந்துவிட்டார். 9-ந் தேதி தவறிவிட்டார். எழுதப் பதினாறு நாள் ஆகிவிட்டது.

நடந்ததை எழுதுகிறேன். வண்டி நின்று கூட்டமெல்லாம் போன பிறகும் பிளாட்பாரத்தில் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இருந்தவர் "ராசப்பா" என்றார். அவரைத் தாண்டி இரண்டு தடவை நடந்திருக்கிறேன். "என்னடா, மீட்டர் தப்பாக் காட்டிருச்சா?" என்று சிரித்தார். "ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்ல வண்டி நின்னுச்சு. கோபுரம் தெரிஞ்சுது. இறங்கிடலாமான்னு பாத்தேன். நீ திட்டுவியேன்னு உக்காந்துட்டேன்."

அப்படியே வீட்டுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். மணியைப் பார்த்தேன். மூன்றேகால். ஆபீசுக்குத்தான் போனோம்.

அண்ணி வராந்தாவில் காத்திருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தார்கள். ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த அதிகாரி நான் முன்பு பார்க்காதவர். அண்ணனுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த நெலமையில இவரை எதுக்குங்க கூட்டியாந்தீங்க? பின்பக்கம் பாக்கலையா?"

தாளைத் திருப்பிக் காட்டினார். சின்ன எழுத்தில் நாலு வரி இங்கிலீஷ். கணவர் வர முடியாவிட்டாலோ, இறந்துவிட்டாலோ, அவளை அறிந்த இரண்டு பேர் உறுதி கொடுத்தால் போதும். மனைவி என்று இருப்பவளும் விண்ணப்பிக்கலாம், மனைவியாக இருந்தவளும் விண்ணப்பிக்கலாம். அந்தத் தாள் ஐந்து மாதம் என் மேஜை டிராயரில் இருந்தது. ஒரு மோட்டார் வந்தால் அதன் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிக்காமல் ஸ்விட்சைத் தொடாதவன் நான்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "பரவாயில்லீங்க. இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டே போறேன்" என்றார். பேனாவைப் பிடிக்க அண்ணி மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் வாசற்படிக்கு வெளியே பாயில் உட்கார்ந்தார். குழந்தையை உள்ளேயே நின்று பேசச் சொன்னார். அவள் ஓடிப்போய் டப்பாவை இழுத்து வந்து மூடியைத் திறந்து, "அப்பா வளந்தது" என்று காட்டினாள். டப்பா முக்கால்வாசி இருந்தது. "அம்மாடி, இம்புட்டா நான்?" என்றார். அண்ணி அந்த அரிசியையும் அவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

7-ந் தேதி காலையில் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். வாய்க்கரிசிக்கு அண்ணி அந்த டப்பாவைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

96½, 97, 97½, 98. 98½, 99, 99½, 100. கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஐயா. இதே மாதிரி எழுதியதற்காக மூக்கனுக்கு மெமோ கொடுத்தவன் நான். அதையும் அண்ணனுக்குத்தான் பெருமையாக எழுதினேன். நீங்கள் சொல்லி அனுப்பியபடி அந்தத் தாளை அப்போதே முழுக்கப் படித்திருந்தால் அவர் இன்னும் உங்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பார். உண்டா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

ராசப்பன்


சானடோரியம்
9-4-62

அன்பான தம்பிக்கு,

தேவ ஆறுதல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். நான் அப்படியே இருக்கிறேன். அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

நேராகக் கேட்டீர்கள். இருந்திருக்கலாம், சில மாதம். அதற்கு மேல் டாக்டரே சொல்லவில்லை. நான் ஜனவரியிலேயே உங்களுக்கு எழுதியிருக்கலாம். அந்தப் பங்கு என்னுடையது.

போக வேண்டாம், சட்டத்தில் வழி இருக்கிறது, எனக்கு நிச்சயம் தெரியும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "பாருங்க ஸார், அண்ணின்னு எழுதியிருக்கான். நாலு வருஷமா 'உங்கள் வீட்டில்'னுதான் எழுதுவான், இல்லாட்டி பேரைச் சொல்லுவான். சட்டம் அவளை இந்த ஊர்ல இருக்க விடும், சரி. ஊர்ல அவளுக்கு யாரு இருக்கா? இப்ப நான் வரலைன்னு சொன்னா இவன் கோவத்துல கையை உதறிட்டுப் போயிடுவான். எனக்கப்புறம் அவளுக்கு இவன் ஒருத்தன்தான்" என்றார்.

அப்புறம் நான் தடுக்கவில்லை. துணிகளை மடித்துக் கொடுத்தேன். மனம் கேட்காமல்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

அ. அற்புதசாமி


மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
10-6-62

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மன்னார்புரம் அறையைக் காலி செய்துவிட்டேன். சின்னையா வீட்டின் முன் அறையில் நானும், பின்கட்டில் அண்ணியும் குழந்தையும். எல்லோரும் இருக்கிறோம்.

விண்ணப்பம் கெடுவுக்கு முன்பே பதிவாகிவிட்டதால் மார்ச் 31-ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை. அண்ணன் கையெழுத்து ரேஷன் கார்டு விஷயத்தைத் தீர்த்துவிட்டது. ஆனாலும் இன்னும் இரண்டு பேர் உறுதி கேட்டார்கள். நான் ஒருவன். இன்னொருவர் சின்னையா. நான் கூப்பிடவில்லை, அவரே சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அதிகாரியிடம், "நாலு வருசமாப் பொன்னுத்தாய்னே கூப்பிட்டுட்டேங்க. இனிமே வாய் திரும்பாது. ஆனா ஆள் இவங்கதான்" என்றார். அதிகாரி சிரித்தார். அண்ணியும் கொஞ்சம் சிரித்தார்கள்.

சர்டிபிகேட் நேற்று வந்தது. பெயர் சோமாவதி. எந்தப் பெயரில் வேண்டும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது இதைத்தான். மனைவி என்று அச்சடித்திருந்ததை மையால் அடித்து, விதவை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு அண்ணி மீதியைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன்.

மூக்கனுக்குக் கொடுத்த மெமோவை வாபஸ் வாங்கப் போனேன். "எதுக்கு சார், நான் செஞ்சது தப்புதானே" என்கிறான். தப்புத்தான். வாங்கிவிட்டேன்.

பிஸ்கட் டப்பாவில் மிச்சம் இருந்த அரிசியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அது அப்படியே அலமாரியில் இருக்கிறது.

உங்களுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை என்று அண்ணன் ஒரு தடவை அண்ணியிடம் சொல்லியிருக்கிறாராம். இந்த வாரம் உங்கள் எடை எத்தனை பவுண்டு, சாயங்காலக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று அண்ணி கேட்கச் சொன்னார்கள். கட்டிலில் தொங்கும் அட்டையைப் பார்த்து எழுதவும். ஏறட்டும், இறங்கட்டும். அரை அரையாக மட்டும் ஏற வேண்டாம்.

ராசப்பன்